கதவுக்கும் தைராய்டா?

பிப்ரவரி 3
மைனஸ் 21. எங்கள் கிர்கிஸ்தான் மலையூர் நாரினில் காற்றே இல்லை. வானிலை நிலைய வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகியும், எழுந்ததும் வெப்பமானியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. இன்று அதுவே பதினோரு மணிக்குத்தான். எழுந்து என்ன கிழிக்கப் போகிறேன்?

பிப்ரவரி 6
மாஸ்கோவிலிருந்து மகள் மேரிம் ஃபோன். "அப்பா, குரலே சரியில்லையே. தைராய்டா இருக்கும். நாளைக்கே ரத்தம் குடுங்க. ஒரு மாத்திரைல சரியாயிடும்."
அப்படியே இருக்கட்டும். மனைவி சாய்ரா செத்துப்போனதிலிருந்து பிடித்திருக்கும் இந்தச் சோர்வு ஒரு மாத்திரையில் போகும் என்றால் எவ்வளவு நிம்மதி!

பிப்ரவரி 8
ரத்தம் கொடுத்தேன்.
மாலையில் எதிர்வீட்டு சோனுன் கதவைத் தட்டினாள். மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ரொட்டி இல்லை. வாசலுக்கு வந்தவரை ஒரு விள்ளல் ரொட்டியாவது தின்னவைக்காமல் அனுப்புவது எங்கள் ஊர் வழக்கமா? ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று நவம்பரிலேயே வாங்குவதை நிறுத்திவிட்டேன். சாய்ரா இருந்தால் மானம் போயிற்றென்று குதித்திருப்பாள்.

பிப்ரவரி 12
மறுபடி தட்டினாள். திறக்கவில்லை.

பிப்ரவரி 14
டாக்டர் சின்னப் பெண். "தைராய்டு கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் தாத்தா. உங்க வயசுல நிறைய பேருக்கு இருக்கும். மாத்திரை வேண்டாம், மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."
"அப்போ இந்தச் சோர்வு?"
"அந்தப் பழியை இது மேல போட முடியாது. யாரோட சாப்பிடுறீங்க?"
கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். மனநல டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மாத்திரை தராதவள் என்ன டாக்டர்! கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கோட்டைக் கழற்றாமல் அழுதேன்.
தனியா இருக்க முடியலடா. எழுதியாச்சு.

பிப்ரவரி 15
படியில் சோனுன். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே?"
"தைராய்டு மந்தமாம்."
"உங்க கதவுக்கும் தைராய்டா அண்ணே? ரெண்டு தடவை தட்டினேன், அசையவே இல்லை. இனி தட்ட மாட்டேன், போங்க."

பிப்ரவரி 16
ரொட்டி வாங்கினேன். கதவைத் திறந்து வைத்தேன். குளிர்தான் வந்தது.

பிப்ரவரி 18
அந்த ரொட்டி காய்ந்து கல்லாகிவிட்டது. பாலில் ஊறவைத்து நானே தின்றேன்.

பிப்ரவரி 19
மைனஸ் 9. ஏழு மணிக்கே பார்த்துவிட்டேன். டாக்டர் சீட்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். வியாழக்கிழமை போக வேண்டும்.
புது ரொட்டி வாங்கி வைத்துவிட்டு, சோனுன் கதவை நானே தட்டினேன்.
"வீட்ல ரொட்டி இருக்கு."
"அது இல்லாமதான் அன்னிக்குத் திறக்கலையா?"
"ஆமா."
"அட மனுஷா! என்கிட்ட இல்லாத ரொட்டியா?" திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது, உட்கார நேரமில்லை என்றாள். நின்றபடி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள்.
மேசையில் ரொட்டி. ஒரு ஓரம் பிய்ந்திருக்கிறது.