தண்ணீர்த் தொட்டிக் காட்சி

ராய்ஸ்,

நீ எடுத்த படத்தை நேற்று நம் ஊர்த் தியேட்டரில் பார்த்தேன். காரில் கியர் மாற்றும் சத்தம் தப்பு. அதை விடு.

நாம் பள்ளி முடிக்கும் ஆண்டை ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பெயிண்டால் எழுதும் காட்சியில் எனக்கு வியர்த்துவிட்டது. படத்தில் இருவருமே பிடிபடுகிறோம். நிஜத்தில் நான் ஓடிவிட்டேன்; மாட்டிக்கொண்ட உன்னை மட்டும் பள்ளிப் பட்டமளிப்பு மேடையில் ஏற விடவில்லை. பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் எழுந்து, "அது பொய். நான் ஓடிட்டேன்" என்றேன்.

அன்று உன்னைப் பிடித்த ஷெரீஃப் ஹால்வர்சன் பின்வரிசையிலிருந்து கத்தினார்: "தெரியும்டா! மறுநாள் சர்ச்சுக்குப் பெயிண்ட் ஒட்டின பூட்ஸோட வந்தவன்தானே நீ! அவன் உன் பேரைச் சொல்லவே மாட்டேன்னுட்டான். உக்காரு!"

தியேட்டரே சிரித்தது. நானும்தான்.

மன்னித்துவிடு. நன்றி நவிலும் நாளுக்கு ஊருக்கு வா. விருந்துக்கு வான்கோழியை நானே அடுப்பில் சுடுவேன். கருகினாலும் தின்ன வேண்டும்.

உன்னை விட்டு ஓடியவன்