சிதம்பரத்தின் தலைமுடி

ஜூன் 8, ஞாயிறு

மேகமூட்டம், சாரல் காற்று. ஜெபராஜ் வாசிக்கும் சர்ச்சிலிருந்து இரவல் டிரம் செட், நாங்கள் ஒத்திகை பார்க்கும் பேட்டை அரிசி ஆலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு திருகாணியைக் காணோம்.

இன்று முதல் நாங்கள் ராக் குழு. பெயர் ‘பிளாக் ரிவர்’. தாமிரபரணி இன்னும் கறுக்கவில்லை, நகராட்சி முயன்றுவருகிறது.

ஆட்கள்:
சிதம்பரம் – பாட்டு, கிட்டார், தலைமுடி (தோளைத் தாண்டியாயிற்று).
ஜெபராஜ் – டிரம். எங்களில் தாளம் தெரிந்தவன்.
நான் – பேஸ் கிட்டார். பகலில் எழுத்தர். நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை.

நான் எழுதிய தமிழ்ப் பாட்டுகளைக் கொடுத்தேன். சி. படிக்காமலே மடித்துப் பையில் வைத்தான். “தமிழு இதுக்கு ஒத்து வராதுலே.” பாட்டெல்லாம் ஆங்கிலத்தில் அவனே எழுதுவானாம். ஆங்கிலத்தில் அவன் கடைசியாக எழுதியது கல்லூரியில் விடுப்பு விண்ணப்பம்.

அவன் அப்பா, ஓய்வுபெற்ற தாசில்தார், கெடு வைத்திருக்கிறார். தசராவுக்குள் ஊரில் நாலு பேர் குழுவின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் மெட்ராஸுக்கு டிக்கெட். இல்லையென்றால் முடியை வெட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் மாமாவின் உரக்கடை.

“இந்த முடி போச்சுன்னா நான் செத்தேம்லே” என்றான் சி., தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து.

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். பாளையங்கோட்டையில் கல்யாண வரவேற்பு. முதல் மேடை. முதல் பாட்டில் பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிற்று. இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. கைத்தட்டல் அப்போது மட்டும்.

பெண்ணின் தாய்மாமா மேடைக்கே வந்தார். “தம்பி, சத்தம் நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பைய வாசிச்சா இல்லாத மாதிரியே இருக்கும்.”

பாயசம் கொண்டுவந்த அம்மாள் சி.யின் முடியைப் பரிவாகப் பார்த்தாள். “எந்தக் கோயிலுக்குய்யா?”

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சோப்பு வாங்க வேண்டும். சட்டைக்குப் பட்டன். ஆறு வாரமாக ஒரு மேடையும் இல்லை.

இந்த வாரம் சி.யிடம் ‘எந்தக் கோயிலுக்கு’ என்று கேட்டவர்கள்: அல்வாக் கடைக்காரர், ரேஷன் கடை வரிசை (அநேகமாக முழுவதும்), லைசென்ஸ் இல்லாததற்குப் பிடித்த போலீஸ்காரர் (திருச்செந்தூர் என்று அவராகவே நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்). நம் பக்கத்தில் ஆண்பிள்ளை முடி வளர்த்தால் அது சாமிக்கு நேர்ந்தது. மொட்டை போடும்வரை ஊர் பொறுத்துக்கொள்ளும்.

டவுன் பஸ் கண்டக்டரும் கேட்டார். சி. நெஞ்சை நிமிர்த்தி, “கோயிலுக்கு இல்ல. இது விடுதலைக்கு” என்றான்.

“அது எங்கன இருக்கு? நம்ம பஸ்ஸு போவாதே.”

செப்டம்பர் 14, ஞாயிறு

தலைவலி. முக்கூடலிலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சி ஆலைக்கு வந்தார். அவர் ஊர் தசரா குழுவின் தலைவர். காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி, ஊர் ஊராய்க் காணிக்கை வாங்கிக் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து அம்மனிடம் சேர்ப்பவர்கள். மேளக்காரர்கள் இவ்வருஷம் வேறு ஊருக்குத் தாவிவிட்டார்கள். சத்தம் போட யாராவது வேண்டும்.

ஜன்னல் வழியே சி. தெரிந்தான், தலை துவட்டிக்கொண்டு. அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார்.

“முடி... நேர்ச்சையா தம்பி?”

“ஆமா அண்ணாச்சி. குலசைக்குத்தான்.”

என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. முகத்தில் சிரிப்பு வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

சி.யிடம், நம் பாட்டைக் கேட்டுத் தேடி வந்திருக்கிறார்கள் என்றேன். உடனே நம்பினான். கலைஞன்.

அக்டோபர் 6, திங்கள்

தூறல். தொண்டைக் கட்டு. புகழ்.

லாரிதான் மேடை. முன்னால் இரண்டு காளி, ஒரு கரடி. சி. ஆங்கிலத்தில் கத்தித் தலையைச் சுழற்றினால் பெண்கள் குலவை போடுகிறார்கள். கைக்குழந்தைகளை அவன் காலடியில் கிடத்துகிறார்கள்.

“ஏலே, சாமி இங்கிலீசுல பேசுதுலே!”

“படிச்ச சாமிவே.”

சி.யின் கண்கள் கலங்கிவிட்டன. “நம்ம மியூசிக்கு இவங்களுக்குப் புரியுதுலே.”

சேரன்மகாதேவியில் சுவரொட்டி: ‘முடி நேர்ச்சைப் புகழ் பிளாக் ரிவர்’. அது என்ன முடி நேர்ச்சை என்றான். விளம்பரம் என்றேன். ‘புகழ்’ என்ற சொல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான்.

டீக்கடைகளில் எங்கள் கேசட். நாலு பேர் என்ன, நாலு ஊர் சொல்கிறது. அவன் அப்பா ஆலைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு பக்திய மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கானே! அம்மனுக்கு முடி இறக்கட்டும், அன்னைக்கே டிக்கெட்டு எடுக்கேன்.”

டிக்கெட் உறுதி என்று மட்டும் சி.யிடம் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று முழுவதையும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். லாரிக்குப் பின்னால் சி.யின் குரல், ஜெபராஜிடம்:

“மெட்ராஸுக்கு நீயும் நானும் போதும்லே. பேஸுக்கு அங்கனயே ஆளு கெடைப்பான். இவன் வாசிக்கானா சும்மா நிக்கானான்னே தெரியல.”

நியாயமான விமர்சனம். சொல்லவில்லை. கொசுக்கடி அதிகம்.

அக்டோபர் 12, ஞாயிறு

குலசை கடற்கரை. நல்ல வெயில். சூரசம்ஹாரம் நேற்றோடு முடிந்தது. காலையில் காப்பு அவிழ்த்து வேஷம் களைந்தார்கள். குரங்கு மறுபடியும் கணக்கு வாத்தியாராயிற்று.

பிறகு எல்லாரும் எங்கள் லாரி முன் கூடினார்கள். கடல்வரை தலைகள். கடைசிக் கச்சேரி என்று சி. கிட்டாரை மாட்டினான். முன்வரிசையில் அவன் அப்பா, கைகூப்பி. அவர் பக்கத்தில் முக்காலி. முக்காலிக்குப் பக்கத்தில் சவரக்கத்தியுடன் ஒருவர்.

சி. பைய என் பக்கம் திரும்பினான். “என்னலே இது?”

“நேர்ச்சை.”

“யாருலே நேர்ந்தா?”

குலவைச் சத்தம். மைக்குக்குக் கை நீட்டினான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் எங்களை அடிக்க நாலு ஊர்க் கூட்டம் லாரியில் ஏறியிருக்கும். மைக் என்னிடம் இருந்தது. அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

“பயப்படாதியும் தம்பி” என்றார் அண்ணாச்சி, கடற்கரை முழுவதும் கேட்க. “பைய எறங்கி உக்காரும். அம்மன் இருக்கா.”

அப்பா அழுதுகொண்டே துண்டைப் போர்த்தினார். உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் ஜெபராஜ் டிரம்மை உருட்டினான். முதல் கற்றை விழுந்ததும் எழுந்த ஆரவாரம், எங்களுக்கு இதுவரை கிடைத்ததில் பெரியது.

நானும் வாசித்தேன். முதல் தடவையாக எனக்கே கேட்டது.

அக்டோபர் 15, புதன்

காற்று இல்லை. பேனாவுக்கு மை வாங்க வேண்டும். தாசில்தார் சொன்ன சொல் தவறாதவர், டிக்கெட்டை நீட்டினார். சி. வாங்கவில்லை. “இந்தத் தலையோட போனா எவன்லே பாடவிடுவான்?” யார் நேர்ந்தது என்று மறுபடி கேட்கவும் இல்லை.

உரக்கடைக்குப் போகிறவனை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவன் மட்டும் போவானேன் என்று நானும் ஏறிக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, அவன் தலையில் சந்தனத்தைப் பார்த்தார்.

“எந்தக் கோயில்ல தம்பி?”

சி. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வாழை. வயல். மறுபடியும் வாழை.

“குலசை.”

பின் சீட்டுக்காரர் எழுந்து, அவன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.