கைதட்டலுக்கு எழும்பிய நாரைகள்

ஞாயிறு இரவு, ஒரகடம்

"அம்மா பறவை எழுந்து போய்ட்டா முட்டை இன்னா ஆவும் டீச்சர்?" என்று ஒரு மாணவி முன்பு கேட்டாள். மூடாமல் வைத்த சூடான இட்லி என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆறிடும். இல்லன்னா காக்கா தூக்கிக்கினு பூடும்" என்றாள்.

மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கொஞ்சம் தேறியதும், மாப்பிள்ளை இன்று தன் கம்பெனி நண்பர்களோடு பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போனார். நாரைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

"எல்லாம் சும்மா குந்திகினு கீது. வீடியோல இன்னாத்த காட்டுறது?" என்றார் ஒரு நண்பர். கம்பெனியில் ஷிப்ட் தொடங்கும்போது வரிசையாக நின்று உற்சாகத்துக்குக் கைதட்டுவார்களாமே, அப்படியே எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். மாப்பிள்ளைதான் "ஒன், டூ, த்ரீ" சொன்னார். நாரைகள் மொத்தமாக எழும்பின. தாய் எழும்பிப் போன கூட்டிலிருந்து ஒரு காக்கை முட்டையைத் தூக்கிப் போனது.

"சூப்பரா வந்துச்சு, பாத்தீங்களா அத்தை?"

பார்த்தேன். தட்டிய அவர் கைகளையும் பார்த்தேன். காய்ச்சலில் நான் எடுத்த வாந்தியை முகம் சுளிக்காமல் துடைத்தவையும் அந்தக் கைகள்தான். ராத்திரி அவர் நீட்டிய கஞ்சியை வாங்க முடியவில்லை. காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காலையில் சொல்லிவிட வேண்டும். கூட்டைப் பார்க்கும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை.