நண்டு மிஷினும் நம்ம ரெண்டு பேர் கையும்

மாமு,

நேற்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே மேசைமேல் கிடந்த யாருடையதோ ஒரு போனிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டும்... டும்... டும்... டும்... நாலே தட்டு, திரும்பத் திரும்ப அதே நாலு. எந்தச் சத்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வலது கை என்னைக் கேட்காமலே எழுந்து, ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து நின்றது.

"இன்னா பெரியவரே, ஆட்டோ கூப்புடறியா?" என்றார் கடைக்காரர்.

"இல்லபா, ஒரு ஆளக் கூப்புடறேன்," என்றேன்.

அப்புறம் அவரைச் சும்மா விடுவேனா. இந்த ஆட்டம் உலகத்துக்கே ராயபுரத்திலிருந்துதான் போனது, ஆடிக் காட்டியது என் தோஸ்து, ஆட்டி வைத்தது நான் என்று முழுக் கதையும் சொன்னேன். அவர் போனைக் கழற்றியபடியே தலையை ஆட்டினார். நீ இருந்திருந்தால் வழக்கம்போலச் சொல்லியிருப்பாய்: "நீ சொல்றதுல பாதியை இறக்கிட்டாலும், மீதிக்கே கப்பல் முழுகிடும் நைனா." சரி, உனக்காகப் பாதியை இறக்கிவிட்டே எழுதுகிறேன்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். மீதியைத் துறைமுகம் சொல்லிக்கொடுத்தது. நீ கப்பல் மேல்தட்டில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டினாய். உன் இடத்திலிருந்து பார்த்தால் கப்பல் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்து உனக்குக் கை காட்டுவது என் வேலை. விரலை மேலே சுழற்றினால் ஹபேஸ், தூக்கு. கீழே அசைத்தால் ஆரியா, இறக்கு. கை கடல்பக்கம் போனால் சரக்கு கடல்பக்கம், கரைப்பக்கம் வந்தால் கரைப்பக்கம். முட்டியை மூடினால் நிறுத்து. என் விரல் அசைவதும் உன் சரக்கு அசைவதும் ஒன்றுதான். நாம் கோழிமுட்டைக் கூடையைக் கூட ஒரு முட்டை உடையாமல் இறக்குவோம் என்று அந்தக் காலத்தில் ஊரே பேசியது. ஊர் பேசாத நாளில் நான் பேசினேன்.

பிறகு அந்தக் கப்பல் வந்தது. அது எந்த ஊர்க் கப்பலோ, அதன் கயிறு பழசு. நீ தூக்கிய சரக்கு பாதி வழியில் அறுந்து குழிக்குள் விழுந்தது. மாதா புண்ணியத்தில் கீழே இருந்த யாருக்கும் அடி படவில்லை. உன்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் உன் கை அதை நம்பவில்லை. நான் ஹபேஸ் காட்டினால் உன் கை அரை மூச்சு நின்று, பிறகுதான் பிடியை இழுக்கும். விஞ்சில் அந்த அரை மூச்சு போதும், ஆள் போய்விடுவான். மேஸ்திரி ஒரு வாரம் பார்த்தார். உன்னை இறக்கி மூட்டை சுமக்க அனுப்பினார். உன் இடத்தில் திருவொற்றியூர் தாஸ் ஏறி உட்கார்ந்தான். நீ அங்கே போட்டு உட்காரும் கோணிச்சாக்கைக்கூட அவன் எடுத்துக்கொண்டான். நீ மூட்டை சுமந்ததில் எனக்கு வருத்தமில்லை, நானும் சுமந்தவன்தான். போகும்போதும் வரும்போதும் விஞ்சுப் பக்கம் திரும்பாமல் நடந்தாயே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்குத்தான் பழைய சாமான் வியாபாரி வண்ணாரப்பேட்டை பாய் அந்த மிஷினைக் கொண்டுவந்து ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார். ஏதோ கப்பலில் மாலுமிகள் விளையாட வைத்திருந்ததாம், ரிப்பேராகிப் பழைய சாமானோடு அவரிடம் வந்து சேர்ந்தது. பீரோ உயரப் பெட்டி, உள்ளே ஒரு டிவி. நம்ம தெருவில் டிவி பார்த்தவனே கிடையாது, இதில் விளையாட வேறு செய்யலாம். நம்ம ஊர்க் காசு அதற்குள் போகாது. பாய் டிக்கெட் கொடுத்துவிட்டுப் பின்மூடியைத் திறந்து ஒரு ஒயரைத் தொடுவார், ஆட்டம் ஆரம்பிக்கும். படம் கறுப்பு வெள்ளைதான். கண்ணாடியில் பச்சையும் சிவப்புமாகக் காகிதப் பட்டை ஒட்டிக் கலராக்கியிருந்தான் அதைச் செய்த கெட்டிக்காரன். அடியில் ஒரு சின்ன பீரங்கி, நாலு மண்மேடு. மேலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் பக்கவாட்டில் நடந்து, ஓரத்துக்குப் போனதும் ஒரு படி கீழே இறங்கும். வானத்தில் வேற்றுக் கிரகத்துப் படை வருகிறது, சுட வேண்டும் என்றார் பாய்.

காசிமேட்டு ஜனங்களிடம் வேற்றுக் கிரகம் எடுபடுமா? மீன் வாங்க வந்த ஒரு அம்மா கூடையோடு உள்ளே எட்டிப் பார்த்து, "அய்ய, நடுவுல நண்டு, மேல கடம்பா. இதப் போயி இன்னாத்துக்குச் சுடறீங்க, வலை போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அது நண்டு மிஷின்தான்.

நீ முதல்நாள் ஆடியது நினைவிருக்கிறதா? நண்டைவிடக் கடம்பா மீன் விலை ஜாஸ்தி என்று நண்டுக்கூட்டத்துக்கு நடுவில் ஒரு சந்து வெட்டி, மேலே இருந்த கடம்பாவை மட்டும் தேடித் தேடி அடித்தாய். ஓரத்தில் மலிவுச் சரக்கு சத்தம் போடாமல் இறங்கி வந்து உன் பீரங்கி மேலேயே உட்கார்ந்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலம் எடுக்க வந்தியா, ஆட வந்தியா?" நம்ம பேட்டையில் எல்லோரும் அதே தப்பைத்தான் செய்தார்கள். மார்க்கெட் விலையை மறந்து ஓரத்தை முதலில் கட்டிய ஒரே ஆள் தாஸ். அதனால் சிலேட்டில் மேலே அவன் பெயர் ஏறியது. கரண்ட் போனால் மிஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும், அதற்காகத்தான் அதிகப் பாயிண்ட் எடுத்தவன் பெயரைப் பாய் சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார்.

மறுநாள் மூட்டையோடு போன உன்னைப் பார்த்து தாஸ் சொன்னான்: "இங்க விஞ்சும் என்னுது, அங்க சிலேட்டும் என்னுது. உனக்கு ராட்டினம் கீது, போய் ஏறு." நீ மூட்டையைத் தோள் மாற்றினாய். நான்தான் வாயைத் திறந்தேன். "இன்னிக்குச் சாயங்காலம் சிலேட்டைத் துடைக்கறோம் பாரு."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "யார் துடைப்பான்? இவனா? கை அசைய அரை மூச்சு ஆவுதே. அங்க அசைஞ்சா இங்கயும் அசையும். வந்து பாக்கறேன். அசைஞ்சா விஞ்சு உன்னுது."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, உன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

ஷிஃப்டு முடிந்து போனோம். ராயபுரமே அங்கே இருந்தது. ரயில்வேக்காரர்கள், வலைக்காரர்கள், பேண்டு வாசிக்க வந்தவர்கள் எல்லோரும். கலெக்டர் வந்தார் என்று நான் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன், அவரை இப்போது இறக்கிவிடுகிறேன். ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. தாஸ் ஆடியது விளக்கு வைத்த பிறகு. இப்போது மேற்கு வெயில் தகரக் கொட்டகைக்குள் நேராக வந்து கண்ணாடியில் விழுந்தது. ஆடுகிறவனுக்குப் பாதிப் படம் தெரியாது. ஆட்டத்துக்கு மூன்று பீரங்கி, உன் முதல் பீரங்கி போனது. இரண்டாவதும் போனது. மிச்சம் ஒன்று. பின்னாலிருந்து தாஸ், "மூட்டை வெயிட் பண்ணுது," என்றான். சிரித்தார்கள்.

நான் போய்ப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டி நின்று கழுத்தை வளைத்தேன். அந்தக் கோணத்தில் வெயில் இல்லை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கையைத் தூக்கினேன். நீ கண்ணாடியை விட்டு என் கையைப் பார்த்தாய். கரைப்பக்கம் காட்டினேன், பீரங்கி கரைப்பக்கம் வந்தது. ஹபேஸ் காட்டினேன். குண்டு மேலே போகிற சமாச்சாரம் ஆயிற்றே, அதற்கு ஹபேஸ்தான் என்று நாம் பேசிவைக்கவே இல்லை, உனக்குப் புரிந்தது. ஆனால் உன் கை நின்றது. அதே அரை மூச்சு. குண்டு வெறும் வானத்தில் போனது. மறுபடியும் காட்டினேன், மறுபடியும் நின்றது. குனிந்து உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "மாமு, இங்க கயிறு இல்ல. அறுந்து வுழ ஒண்ணுமில்ல."

நீ ஒரு மூச்சை வெளியே விட்டாய். அடுத்த ஹபேஸுக்கு என் விரல் முழுசாகத் திரும்புவதற்குள் குண்டு போய்விட்டது. நண்டு சிதறியது.

"கள்ள ஆட்டம்," என்று தாஸ் கத்தினான். "ரெண்டு பேரு சேர்ந்து ஆடறானுங்க."

மேஸ்திரி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "விஞ்சுன்னா எப்பவும் ரெண்டு பேருதான்டா. ஒருத்தன் கண்ணு, ஒருத்தன் கை. நீ ஏறி இத்தினி நாளாச்சு, இது கூடவா தெரியல?"

அதற்குப் பிறகு எல்லோரும் மிஷின் பக்கம் நெருங்கினார்கள். அந்த டும் டும் மட்டும். நண்டுக்கூட்டம் குறையக் குறைய மிச்சமிருப்பது வேகம் எடுக்கும், டும் டும் நெருங்கி நெருங்கிப் பறை மாதிரி ஆகிவிடும். ஓரத்தைக் கட்டினோம், நடுவைச் சுத்தம் செய்தோம், விலை பார்க்கவில்லை. கடைசியில் ஒற்றை நண்டு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடியது. அதை அது இருக்கிற இடத்தில் அடிக்க முடியாது, வரப்போகிற இடத்தில்தான் அடிக்க வேண்டும். ஆடுகிற கப்பலில் நாம் நாள்தோறும் செய்த வேலைதானே. நான் விரலைத் திருப்பினேன். நீ என் விரலைத்தான் பார்த்தாய். நண்டு ஓடிவந்து நம்ம குண்டிலே விழுந்தது.

பாய் மிஷின் காட்டிய பாயிண்டைப் பார்த்துவிட்டு, சிலேட்டைத் தன் லுங்கியாலேயே துடைத்தார். உன் பெயரை எழுதப் போனவரிடம் நீ சொன்னாய்: "ரெண்டு பேரையும் போடு பாய்." எழுதி முடித்ததும் கரண்ட் போனது. மிஷின் மறந்துவிட்டது. சிலேட்டு மறக்கவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பல்களெல்லாம் ஒன்றாக ஊதின. ஒரு கப்பலாவது ஊதியது, அதை மட்டும் நான் இறக்கமாட்டேன்.

மறுநாள் காலை மேஸ்திரி விஞ்சைப் பார்த்து மோவாயை நீட்டினார். உனக்கு முன்னாலேயே தாஸ் அங்கே போய், கோணிச்சாக்கைத் தட்டி, விரித்துப் போட்டுவிட்டு இறங்கினான். நீ ஏறி உட்கார்ந்தாய். நான் குழி விளிம்பில் நின்று ஹபேஸ் காட்டினேன். உன் கை நிற்கவில்லை மாமு. நிஜக் கயிறு, நிஜச் சரக்கு. அன்றைக்கு நான் பார்த்த வானம் மாதிரி அப்புறம் பார்க்கவில்லை.

அந்த மிஷினுக்கு அப்புறம் அதன் தம்பிகள் எத்தனையோ வந்துவிட்டன. அடுத்து வந்ததில் பூச்சிகள் நிஜக் கலரில், வரிசையை விட்டுப் பிரிந்து வளைந்து வளைந்து பாய்ந்தன. அப்புறம் வீட்டு டிவிக்குள் வந்தது, இப்போது போனுக்குள். அந்த வம்சத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதில் பீரங்கிக்குப் பதில் கப்பல், மேலே இருக்கும் பெரிய வண்டு ஒன்று வெளிச்சத்தைக் கீழே விட்டு உன் கப்பலை இழுத்துக்கொண்டு போய்விடும். போனது போகட்டும் என்று விடக்கூடாது. அடுத்த கப்பலை எடுத்து அந்த வண்டைக் குறி பார்த்து அடித்தால், பிடிபட்ட கப்பல் சுழன்று சுழன்று இறங்கி வந்து உன் கப்பலோடு ஒட்டி நிற்கும். அதற்கப்புறம் இரண்டும் ஒன்றாகச் சுடும், எதிரே எதுவும் நிற்காது. இந்த யோசனை அதைச் செய்த ஜப்பான்காரனுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? அன்றைக்குக் கொட்டகையில் ஒரு ஜப்பான் மாலுமி நின்றிருந்தான். நான் பார்த்தேன். நீ நம்பாவிட்டால் போ.

போன மழைக்காலத்தில் கல்லறைக்கு உன் பெட்டியைத் தூக்கும்போது கை காட்டியது நான்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் பழைய துறைமுகக்காரர்கள், தாஸும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். விரலைச் சுழற்றினேன், ஒரு சாய்வு இல்லாமல் நீ எழுந்தாய். நாம் தூக்கிய சரக்கிலேயே அதுதான் சுத்தமான ஹபேஸ்.

கடைக்காரரிடம் சொல்லி அந்த வண்டு ஆட்டத்தை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். இன்று காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு கப்பலை மேலே விடுகிறேன். விட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து நிதானமாகக் குறி பார்க்கிறேன். கண் மங்கல்தான், கை இன்னும் அரை மூச்சுகூட நிற்பதில்லை. வண்டு சிதறுகிறது. உன் கப்பல் சுழன்று வருகிறது. என் விரல் தானாகக் கீழே அசைகிறது.

ஆரியா, மாமு. ஆரியா. பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்.