சனிக்கிழமைதோறும் செத்துப்போகும் பேட்டரி

ஜூலை 5, சனி

இன்றைக்கும் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இது மூன்றாவது சனிக்கிழமை. அங்கே நாசரேத்தில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, எனக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கவாதம் வந்த கையும் காலும் திரும்ப வேண்டுமென்றால் வாரம் தவறாமல் பிசியோதெரபிக்கு வர வேண்டும் என்று பாளையங்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாடகைக் கார் என்றால் அப்பா வர மாட்டார். முன்பின் தெரியாத டிரைவர் தூக்கி உட்கார வைப்பது அவருக்கு அவமானம். நான் தூக்கினால் பரவாயில்லையாம்.

எதிர்வீட்டு இனிகோ அண்ணன் தன் வண்டியை ஒட்டி நிறுத்தி, கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். "என்ன டீச்சர், ஒங்க வண்டி வாராவாரம் உறங்கிருது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்து வேறு ஒருவர் உள்ளே போயிருந்தார். "அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்" என்று அப்பா என்னைத் தேற்றினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

ஜெபின் கப்பலிலிருந்து பேசினார்.

"லைட்ட அணைக்காம விட்டுருப்ப." விடவில்லை.

"கதவ ஒழுங்கா சாத்திருக்க மாட்ட." சாத்தினேன்.

"அப்ப ஒனக்கு வண்டி வச்சுக்கத் தெரியல, பெனி."

என் புருஷன் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். அவரிடம் எதிர்த்துப் பேச நான் யார்? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்துகிறவள், அவ்வளவுதானே!

ஜூலை 9, புதன்

எலக்ட்ரீசியன் தளவாய் வந்தார். பேட்டரி முனைகளில் வெள்ளை பூத்திருந்தது. "உப்புக் காத்துல்லா டீச்சர், இங்கன எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" என்று வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவி, முடுக்கிவிட்டுப் போனார். இனிமேல் தொல்லை இருக்காதாம்.

ஜூலை 12, சனி

டக்.

ஜூலை 13, ஞாயிறு

புது பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. பழையதில் செல் போய்விட்டது என்று தளவாய் அடித்துச் சொன்னார். ஜெபினுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, காரை எடுத்துக்கொண்டு ஹார்பர் பீச்சுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது. அதனால் அன்றைக்கு மட்டும் இந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கிறது. காரை நிறுத்திவிட்டு மணலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும் கப்பல்களைப் பார்ப்பேன். ஒருவரும் டீச்சர் என்றோ மதினி என்றோ கூப்பிடுவதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் பக்கத்து மேசை அனுஜாவிடம்கூட. சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

ஜூலை 19, சனி

ஒரே திருப்பில் கிளம்பியது! அப்பாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நாலடி நடந்தார்.

ஜூலை 26, சனி

கிளம்பியது. ஆனால் முனகிக்கொண்டே. இந்த முனகல் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 2, சனி

செத்துப்போச்சு. புது பேட்டரி! மூணு வாரங்கூட ஆகல. பேப்பர் திருத்துகிற வேலையில் இந்த வாரம் காரை வெளியிலேயே எடுக்கவில்லை. எதையும் போடவில்லை, எதையும் திறக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றதுக்கு இப்படியா? சக்கரத்தை எட்டி ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

கேபிள் போட்டுக் கிளப்ப இனிகோ அண்ணனும் ஊரில் இல்லை. அம்மாவுக்கு போன் போட்டு இன்றைக்கு முடியாது என்றேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வண்டி பாவம், அதுக்கும் வாதம் போல."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெபினோடு சண்டை.

"வாராவாரம் செவ்வாக்கெழம பீச்சுக்குப் போறவ இந்த வாரம் ஏன் எடுக்கல? ஓட்டாமப் போட்டா பேட்டரி இறங்கத்தான் செய்யும். இனி ஒரு தடவ நின்னுச்சுன்னா ஜெஃப்ரிகிட்ட குடுத்துரு. அவன் வச்சுக்கிடுவான். நீ டாக்ஸில போ."

ஜெஃப்ரி அவருடைய தம்பி. அவனிடம் போனால் அந்தக் கார் திரும்பி வராது. அப்பாவின் சனிக்கிழமைகள் அத்தோடு சரி. என் செவ்வாய்க்கிழமையும்.

பீச்சுக்குப் போவதை இவரிடம் எப்போது சொன்னேன்? சொல்லியிருப்பேன், ஏதாவது பேச்சுவாக்கில். சொல்லாமல் எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா திருவிழா, ஊரே விடுமுறை. இனிகோ அண்ணன் காரைக் கிளப்பிக் கொடுக்க, கூட்டத்தில் தெருத்தெருவாகச் சுற்றி ஒருவழியாக பேட்டரி வாங்கிய கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். மாற்றித் தாருங்கள் என்று சண்டை போடத்தான் போனேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பேட்டரி கல்லு மாரி இருக்கும்மா. ஒங்க வண்டியில என்னமோ ஒண்ணு இருந்து குடிக்கு."

என்னமோ ஒண்ணு. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். பேய்க்கு அப்புறம் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் சேலையைக் கூட மாற்றவில்லை. பள்ளி லேபிலிருந்து மல்டிமீட்டரைக் கொண்டுவந்திருந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கே செய்துகொள்ள இத்தனை நாளா? வெட்கமாக இருந்தது.

நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சேர்த்தேன். சாவி கையில். கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. உறங்குகிற வண்டி எதையும் இழுக்கக் கூடாது, கடிகாரத்துக்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர. இது அதைப்போல் எட்டு மடங்கு இழுத்துக்கொண்டிருந்தது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மீட்டர் பெரிதாக அசையவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் ஏறக்குறைய அதே அளவு. அப்படியென்றால் திருடன் ஃபியூஸ் வழியாகப் போகவில்லை. நேராக பேட்டரியிலேயே வாய் வைத்திருக்கிறான். பாசிட்டிவ் முனையில் தடித்த கம்பிகளுக்கு அடியில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்பு ஒயர், கறுப்பு டேப்புக்குள் ஒளிந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் போனது. கையை விட்டுத் துழாவினேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. தொட்டால் சூடு.

என்னவென்று தெரியாமல்தான் ஒயரைப் பிடுங்கினேன். மீட்டர் சடாரென்று கீழே இறங்கியது. வென்றுவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

போன் அடித்தது. ஜெபின். ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"பெனி, வண்டியில என்ன பண்ணுத?"

கடல் நடுவில் இருக்கிறவருக்கு, நான் காருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பது எப்படித் தெரியும்?

கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக சிம் கார்டு.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெஃப்ரியைக் கூப்பிட்டு விட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "அண்ணன்தான் மதினி இந்த ஜி.பி.எஸ் பெட்டிய வைக்கச் சொன்னான். வண்டி எங்க போவுதுன்னு அவன் போன்ல தெரியும், ஒயர புடுங்குனாலும் தகவல் போயிரும். மே மாசம் சீட் கவர் போடக் கொண்டுபோனேம்லா, அப்பத்தான்..." பெட்டியை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன். பேட்டரி மாற்றின சமயத்தில் தளவாய்கூட அந்த ஒயரைப் பார்த்திருக்கிறார். அலாரம் என்று நினைத்தாராம்.

ராத்திரி ஜெபின். திருட்டு பயமாம். தனியாக இருக்கிறேனாம். பாதுகாப்புக்காம். அப்படீன்னா எங்கிட்ட சொல்லிட்டு வச்சிருக்கலாம்லா? நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்?

சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"பேட்டரிய குடிச்சது அதுதான்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"அது கொஞ்சந்தான் இழுக்கும்னு நெனச்சேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. பிறகு, "புது பேட்டரியும் இறங்குனப்ப."

அதாவது ஆகஸ்ட் இரண்டாம் தேதியே. அதற்கு மறுநாள்தான் எனக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தகுதியில்லை என்று பேசினார். என்னைப் பின்தொடர்ந்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. காரணம் தெரிந்துகொண்டே என்னை முட்டாளாக்கினாரே, அப்பா வாசலில் காத்திருந்தாரே — அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அழுதேன். அழுகிறேனே என்று அதற்கும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

கார் கிளம்பியது. அப்பா சிகிச்சையில் இருக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். "மாப்ள பாசத்துலதான செஞ்சிருக்காரு" என்றாள். நான் எழுந்து அப்பாவிடம் போனேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போனில் லொக்கேஷனை எப்போதும் போட்டு வைத்தால் தனக்கு நிம்மதியாக இருக்கும் என்கிறார் ஜெபின். கெஞ்சுகிற குரல்.

"மாட்டேன். கார் எங்கிட்டத்தான் இருக்கும். மத்தத ஊருக்கு வந்த பெறகு பேசலாம்" என்றேன்.  சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

போன சனிக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் காரை எடுத்தேன். ஒரே திருப்பு. அப்பாவின் நடை தேறியிருக்கிறது, டாக்டரே கைதட்டினார். அவரை நாசரேத்தில் விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வரவில்லை.

ராத்திரி ஜெபின் கூப்பிட்டார். "சாயங்காலம் போன் எடுக்கல. எங்க போயிருந்த?"

"வெளிய."

 "மாமா கை எப்படி இருக்கு?" என்றார். சொன்னேன்.

எங்கே போனேன் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.