மும்தாஜ் அக்கா எழுதிய பூட்டு

என் ஆசை மும்தாஜ் அக்கா,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் பூட்டில் கை வைத்துவிட்டார்கள். வங்கிச் செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் புரோகிராமை மெட்ராஸ் ஆபீசில் இருவரும் சேர்ந்து எழுதினோமே, அதில் நீ எழுதிய பூட்டு.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் நின்றபடி நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புரோகிராமுக்குள்ள பல வேலை, பல இழையா ஒண்ணா ஓடுதுடி. ரெண்டு இழை ஒரே நேரத்துல சாவி எண் எடுக்கக் கை வுட்டா, ஒரே சாவி ரெண்டு செய்திக்கும் போயிடும். அப்புறம் ரெண்டு செய்தியையும் எவன் வேணா ஒடைச்சிடுவான். ஒண்ணு எடுத்து முடிக்கிற வரைக்கும் இன்னொண்ணு நிக்கணும். அதுக்குத்தான் பூட்டு."

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "பூட்டால வேகம் குறையுது. எடுத்துடும்மா. நாளைக்கு வங்கிக்காரங்க வர்றாங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

"எழுதினவங்களே இல்ல. யாருக்காக இந்தப் பிடிவாதம்?"

அவரே எடுத்துவிட்டார், அக்கா. புரோகிராமின் தலையில் இருந்த உன் பெயரையும் சேர்த்து. அவ்வளவு சுலபமா?

வீட்டில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு வாயைத் திறந்தால் வேலை போய்விடலாம் என்றேன். "போனா போவட்டும். வூடு தேடி வந்து உன்ன இட்டுக்னு போய் வேலைல சேத்தவ அவ. நீ வாய மூடிக்னு வந்தின்னா இங்க சோறு கெடையாது" என்றது.

மறுநாள் வங்கிக்காரர்கள் முன்னால் எழுந்து நின்றேன். இரண்டு செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பிக் காட்டுகிறேன் என்றேன். முதலில் இரண்டுக்கும் வேறு வேறு சாவிதான் வந்தது. மேலாளர் சிரித்தார். மறுபடி ஓட்டினேன், மறுபடியும். திடீரென்று இரண்டு செய்திகளுக்கும் ஒரே சாவி எண் தாளில் அச்சாகி வந்தது. பிறகு உன் பூட்டு இருந்த பழைய காந்த நாடாவைப் போட்டேன். எத்தனை முறை ஓட்டியும் சாவிகள் மோதவே இல்லை.

"எங்களுக்குப் பூட்டோடதான் வேணும்" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

என்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். போடட்டும். நீயாக இருந்தால் இதைவிடச் சத்தமாகக் கேட்டிருப்பாய், இல்லையா?

பூட்டு திரும்பி வந்துவிட்டது. உன் பெயர் வரவில்லை. திங்கட்கிழமை மேலாளர் அறைக்குள் மறுபடி நுழையப்போகிறேன். மாட்டேன் என்றால் செவ்வாய்க்கிழமையும் போவேன். உன் பெயர் அதில் ஏறும்வரை அந்த மனிதருக்கு நிம்மதி கிடையாது அக்கா, இது சத்தியம்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
செல்வி