கோப்பை போன நாளின் கைதட்டல்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

வருடம் முழுக்க முதலிடத்தைத் துரத்திய இந்த ஊர்க் கால்பந்து அணிக்கு நேற்று கடைசி ஆட்டம், நானும் பார்க்கப் போயிருந்தேன். வென்றால் கோப்பை. கடைசி நிமிடப் பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கோப்பை போயிற்று. திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு மதிப்பெண்ணில் முதலிடத்தை நழுவவிட்ட பிள்ளையை ஊரே தோளில் தூக்கியதுபோல் இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“தோத்ததுக்கா தட்டறாங்க?” என்று என் அறையில் தங்கியிருக்கும் டிரைவரைக் கேட்டேன்.

“இவ்வளவு நாளும் நம்மள நம்ப வச்சாங்களே சார், அதுக்கு. மொதல்ல என் கைய விடுங்க, நானும் தட்டணும்.”

பெனால்டியின்போது பிடித்தது. பக்கத்தில் நீ இருக்கும் நினைப்பு.

கத்தியதில் தொண்டை கட்டி, இன்று டியூஷனில் எழுத்துத் தேர்வு வைத்துவிட்டேன். பயப்படாதே. ஞாயிறு போனில் நீயே பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வைத்துவிடாதே.

அடுத்த டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உன்னவர்